செய்தவர் எங்கே போனார்? – ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் கதை

உங்கள் பள்ளி நாட்களின் வேதியியல் ரெகார்டு நோட்டை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சோதனைக் குழாயைக் கையில் பிடித்தவர் நீங்கள். அமிலத்தை ஊற்றியவர் நீங்கள். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டவரும் நீங்களே. ஆனால் நோட்டில் என்ன எழுதினீர்கள்? "சிறிதளவு உப்பு சோதனைக் குழாயில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனுடன் நீர்த்த அமிலம் சேர்க்கப்பட்டது. குமிழிகள் வெளிவருவது காணப்பட்டது." எடுத்தவர் யார், சேர்த்தவர் யார், கண்டவர் யார் என்ற செய்தி அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. "நான் எடுத்தேன், நான் பார்த்தேன்" என்று எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

வீட்டில் நாம் இப்படிப் பேசுவதில்லை. "சாம்பாரில் உப்பு சேர்க்கப்பட்டதா?" என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை, "உப்புப் போட்டாயா?" என்றுதான் கேட்கிறோம். அப்படியானால் ரெகார்டு நோட்டின் நடை எங்கிருந்து வந்தது? ஆங்கில அறிவியல் ஏடுகளிலிருந்து வந்தது. ஆங்கிலத்திற்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது? எதற்காக வந்தது? ஆங்கில வகுப்பில் "ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றுக" என்ற பயிற்சியை நூறு முறை செய்திருப்போம். ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு முறைகூட நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்விக்கான விடை ஆயிரம் ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

வேடனும் புலியும்

இலக்கண நூல்களுக்குப் பழக்கமான வேடனையே எடுத்துக்கொள்வோம். "வேடன் புலியைக் கொன்றான்." இது செய்வினை. "புலி வேடனால் கொல்லப்பட்டது." இது செயப்பாட்டுவினை. முதல் வாக்கியத்தில் செய்தவன் எழுவாய். இரண்டாவதில் செயலுக்கு ஆளான பொருள் எழுவாயாக முன்னே வந்துவிட்டது. செய்தவன் 'ஆல்' உருபு பெற்றுப் பின்னே போய்விட்டான். விரும்பினால் அவனை அடியோடு விட்டுவிடவும் செய்யலாம்: "புலி கொல்லப்பட்டது."

ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடுதான். "தி ஹன்ட்டர் கில்ட் தி டைகர்" என்பது செய்வினை. "தி டைகர் வாஸ் கில்ட் பை தி ஹன்ட்டர்" என்பது செயப்பாட்டுவினை. 'வாஸ்' என்ற துணைவினையும், 'கில்ட்' என்ற எச்ச வடிவமும், 'பை' என்ற முன்னிடைச்சொல்லும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தமிழில் புலியை முன்னே கொண்டுவர வேண்டுமானால் செயப்பாட்டுவினை தேவையே இல்லை. "புலியை வேடன் கொன்றான்" என்று சொற்களை இடம் மாற்றினால் போதும். 'ஐ' உருபு காவல் நிற்பதால் பொருள் குழம்பாது. ஆங்கிலத்தில் இப்படி இடம் மாற்றிப் பாருங்கள்: "தி டைகர் கில்ட் தி ஹன்ட்டர்." வேடன் இறந்து போனான்! ஆங்கிலத்தில் யார் கொன்றது, யாரைக் கொன்றது என்பதைச் சொல் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. ஆகவே புலியை முன்னே நிறுத்தி, வேடனையும் உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால், வினைச்சொல்லை மாற்றியாக வேண்டும். ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டுவினை இவ்வளவு தேவைப்படுவதற்கு முதற் காரணம் இதுதான்.

உருபுகளை இழந்த மொழி

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை வடிவங்கள் இருந்தன. வேடன் என்பதற்கு 'ஸே ஹுன்டா' என்றும், வேடனை என்பதற்கு 'தோனே ஹுன்டன்' என்றும் சொன்னார்கள். ஏறத்தாழ நம் மொழியைப் போலவே, சொல்லின் வடிவத்தைப் பார்த்தே செய்தவன் யார், செயலுக்கு ஆளானவன் யார் என்று கண்டுகொள்ளலாம்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தின் மீது படையெடுத்ததற்கு முன்பே இந்த ஈறுகள் தேயத் தொடங்கிவிட்டன. அடுத்த சில நூற்றாண்டுகளில் பெயர்ச்சொற்களிலிருந்து இவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இன்று 'ஹீ – ஹிம்', 'தே – தெம்' போன்ற சில பிரதிப்பெயர்களில் மட்டுமே பழைய வேறுபாடு எஞ்சி நிற்கிறது.

இன்னொரு வசதியையும் ஆங்கிலம் இழந்தது. "எங்கள் ஊரில் பாலம் கட்டுகிறார்கள்" என்று நாம் சொல்லும்போது கட்டுகிறவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. யாரோ சிலர் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'மன்' என்ற பொதுச்சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்திலோ 15ஆம் நூற்றாண்டளவில் அந்தப் பயன்பாடு மறைந்துவிட்டது. எழுவாய் இல்லாமல் ஒரு கூற்று வாக்கியத்தைச் சாதாரணமாக அமைக்க ஆங்கிலம் இடம் தராது. பொதுச்சொல்லும் போயிற்று. பிறகு "பாலம் கட்டுகிறார்கள்" என்பதை எப்படிச் சொல்வது? பாலத்தையே எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினையில் சொல்ல வேண்டியதுதான். செயப்பாட்டுவினை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மொழி வரலாற்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆங்கிலச் செயப்பாட்டுவினைகளை எண்ணிப் பார்த்தவர்கள் கண்ட உண்மையும் இதற்குப் பொருந்தி வருகிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு வாக்கியங்களில் செய்தவர் பெயரே வருவதில்லை. 'பை' என்று தொடங்கும் பகுதியைச் சேர்த்தே எழுத வேண்டும் என்று வகுப்பில் படித்தோமே, அந்தப் பகுதி உண்மையான எழுத்தில் அபூர்வம்.

அந்தப் 'பை' என்ற சொல்லும் ஒரே நாளில் வந்து அமர்ந்துவிடவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்ற சொல் அந்த இடத்தில் நின்றது. பின்னர் 'ஆஃப்' வந்தது. 1611ஆம் ஆண்டில் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இயேசு சாத்தானால் சோதிக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில் 'ஆஃப்' என்றே காணலாம். இன்றைய மாணவர் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

நான் கண்டேன், நீங்களும் காணுங்கள்

இனி அறிவியலுக்கு வருவோம். இலண்டன் ராயல் சொசைட்டி 1660ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'பிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற ஏட்டைத் தொடங்கினார். அந்த ஏட்டின் முதற் கட்டுரைகளை இன்று படிப்பவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் 'நான்' என்ற சொல் வருகிறது!

ஐசக் நியூட்டன் ஒளியையும் நிறங்களையும் பற்றி 1672ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஏட்டுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம் முப்பட்டைக் கண்ணாடி ஒன்றை வாங்கியதையும், அறையை இருட்டாக்கிச் சன்னல் கதவில் சிறு துளையிட்டதையும், எதிர்ச் சுவரில் விழுந்த நிறங்களைக் கண்டு மகிழ்ந்ததையும் கதை போலவே சொல்கிறார். வட்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்த ஒளிப்பட்டை நீண்டிருந்தது. நீளம் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு இருந்தது. அதைக் கண்டு தாம் வியந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார்.

இராபர்ட் பாயில் 1660ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இவ்வகையே. காற்றை வெளியேற்றும் இயந்திரத்தைக் கொண்டு செய்த 43 சோதனைகளை அதில் விவரித்தார். கண்ணாடிக் கலத்துக்குள் வைத்த வானம்பாடி காற்றில்லாமல் துடித்ததையும் எழுதினார். இயந்திரத்தில் காற்று கசிந்ததையும் எழுதினார். எது சரியாக வரவில்லையோ அதையும் விடவில்லை.

இவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள்? அடக்கம் இல்லாமையால் அன்று. அக்காலத்தில் ஒரு செய்தியை நம்புவதற்கு வேண்டியது நேரில் கண்டவரின் சாட்சியம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் "அவன் அங்கே காணப்பட்டான்" என்று சொன்னால் போதுமா? "நான் என் கண்ணால் கண்டேன், இந்த நாளில், இந்த இடத்தில்" என்று சொல்ல வேண்டும் அல்லவா? பாயிலும் நியூட்டனும் அறிவியலின் சாட்சிக் கூண்டில் நின்றார்கள். வாசகரும் உடன் நின்று பார்ப்பது போன்ற உணர்வை உண்டாக்குவதே பாயிலுடைய நடையின் நோக்கம் என்று ஸ்டீவன் ஷேப்பின், சைமன் ஷாஃபர் ஆகிய இரு வரலாற்றறிஞர்கள் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள்.

'வீடு கட்டுகிறது'

இந்த இடத்தில் சிறிது நின்று, ஆங்கிலத்தில் அப்போது இருந்த ஒரு குறையைப் பார்த்துவிடுவோம். நியூட்டன் காலத்து ஆங்கிலேயர் "வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது" என்று சொல்ல முடியாது. அதற்கான வினை வடிவமே வழக்கில் இல்லை. "தி ஹவுஸ் இஸ் பில்டிங்", அதாவது "வீடு கட்டுகிறது" என்றுதான் சொன்னார்கள். வீடு எதைக் கட்டும்? கேட்பவரே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இது நமக்குப் புதிதன்று. "திண்ணை மெழுகிற்று" என்பது தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது, யாரோ மெழுகினார்கள். ஆயினும் செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லுவதும் வழக்கில் உள்ள மரபே என்று தொல்காப்பியர் விதி வகுத்தார். பழைய ஆங்கிலேயரின் வீடும் நம் திண்ணையும் இலக்கணத்தில் உறவுக்காரர்களே.

'வீடு கட்டுகிறது' என்பது புரிந்துவிடும். 'குழந்தை அடிக்கிறது' என்றால்? அடிப்பது குழந்தையா, அடி வாங்குவது குழந்தையா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' என்ற புதிய வடிவம் தலைகாட்டியது. முதலில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில்தான் தென்பட்டது. இராபர்ட் சதே என்ற கவிஞர் 1795ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், முரட்டுக் கை நாவிதர் ஒருவரின் பிடியில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பல்லைப் பிடுங்குகிறவனா, பல்லைப் பறிகொடுக்கிறவனா என்பது அந்த நேரத்தில் முக்கியமான வேறுபாடுதானே!

புதுமைக்கு எதிர்ப்பு இல்லாமல் போகுமா? 19ஆம் நூற்றாண்டில் இலக்கணக் காவலர்கள் இவ்வடிவத்தைக் கடுமையாகச் சாடினார்கள். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கித் திட்டித் தீர்த்தார். பயன் இல்லை. மக்களுக்குத் தேவையாக இருந்த வடிவம் நின்றது. இலக்கணக் காவலர்களின் கோபம் மறைந்தது. இன்று இதைத்தான் "சரியான ஆங்கிலம்" என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆய்வாளர் மறைந்தார்

நியூட்டனின் 'நான்' எப்போது மறைந்தது? ஒரே ஆண்டில், ஒருவருடைய ஆணையால் மறையவில்லை. மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு நவம்பரில் மின்காந்தத் தூண்டலைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் மாற்றத்தைப் பாதி வழியில் காணலாம். 203 அடிச் செம்புக் கம்பி பெரிய மரக்கட்டை ஒன்றில் சுற்றப்பட்டதாக எழுதுகிறார். பிற இடங்களில் 'நான்' என்றும் எழுதுகிறார். செய்முறையைச் சொல்லும்போது கை மறைகிறது. கருத்தைச் சொல்லும்போது ஆள் தெரிகிறார்.

டுவைட் அட்கின்சன் என்ற மொழியியலார் 'பிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' ஏட்டின் 1675 முதல் 1975 வரையிலான கட்டுரைகளை மாதிரிகளாக எடுத்து ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆசிரியரை நடுவில் வைத்த எழுத்து மெல்ல மெல்லத் தேய்ந்து, பொருளை நடுவில் வைத்த எழுத்து வளர்ந்ததை அது காட்டுகிறது. செயப்பாட்டுவினை அதனோடு சேர்ந்தே ஏறியது.

காரணம் என்ன? அறிவியலே மாறிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அது ஓய்வும் வசதியும் உள்ள கனவான்களின் ஈடுபாடு. இன்னார் சொன்னார் என்றால் நம்பிக்கை பிறந்தது. 19ஆம் நூற்றாண்டிலோ அது ஒரு தொழில். 'சயன்டிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே வில்லியம் ஹியூவெல் 1830களில்தான் உருவாக்கினார். ஆய்வுக்கூடங்கள் வந்தன, தரப்படுத்திய கருவிகள் வந்தன. யார் செய்தாலும் அதே விளைவு வர வேண்டும் என்பது அடிப்படை விதி ஆயிற்று. யார் செய்தாலும் ஒன்றே என்றால், செய்தவர் பெயர் எதற்கு? "கம்பி சுற்றப்பட்டது" என்று எழுதினால், "நீங்களும் சுற்றலாம், இதுவே நிகழும்" என்பது பொருள்.

ஆகவே இதில் ஓர் உயர்ந்த எண்ணம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் எந்த நல்ல வழக்கமும் சடங்காகிவிட்டால் அதன் பொருள் போய்விடுகிறது. 20ஆம் நூற்றாண்டில் 'நான்' என்று எழுதுவதே குற்றம் என்ற அளவுக்கு அது போயிற்று. "இந்த ஆசிரியரால் கருதப்படுகிறது" என்றெல்லாம் எழுதினார்கள். கருதுவது கம்பி சுற்றுவது போன்ற வேலையா? யார் கருதினாலும் ஒன்றேயா? கருத்துக்கு உரியவர் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

மறுப்பு எழுந்தது

எதிர்க்குரல்கள் எழத் தொடங்கின. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டிரங்க் 1918ஆம் ஆண்டில் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில் செய்வினையைப் பயன்படுத்துமாறு விதித்தார். ஜார்ஜ் ஆர்வெல் 1946ஆம் ஆண்டில் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை போதுமான இடத்தில் ஒருபோதும் செயப்பாட்டுவினை வேண்டாம் என்றார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே செயப்பாட்டுவினை இருக்கிறது! அதைக் கண்டிக்கிறவர்களுக்கும் அது இல்லாமல் எழுத முடியவில்லை.

அறிவியல் உலகத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல் இன்னும் முக்கியமானது. 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவர், 1963ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் பேசினார். அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. உண்மைகள் பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் ஊகித்தார், தடுமாறினார், மீண்டும் முயன்றார். கட்டுரையோ எல்லாம் வரிசையாகத் தாமாகவே நிகழ்ந்தது போலக் காட்டுகிறது. சிந்தித்த முறையை அது தவறாகக் காட்டுகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் 'நேச்சர்' இதழில் ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பைப் பற்றி எழுதிய ஒரு பக்கக் கட்டுரை, 'நாங்கள்' என்றே தொடங்கியது. இன்று 'நேச்சர்' குழும ஏடுகள் தங்களுக்கு எழுதுகிறவர்களிடம் செய்வினையே விரும்பத்தக்கது என்று கூறுகின்றன. நியூட்டனின் 'நான்' மூன்று நூற்றாண்டு சுற்றிவிட்டு 'நாங்கள்' ஆகத் திரும்பி வந்திருக்கிறது எனலாம். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் குழுவின் உழைப்பு என்பதால் 'நாங்கள்' என்பதே பொருத்தமும்கூட.

குற்றவாளி யார்?

அரசியல்வாதிகள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் செயப்பாட்டுவினையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற புகாரும் உண்டு. "தவறுகள் செய்யப்பட்டன" என்பது அமெரிக்க அரசியலில் கேலிக்கே உரிய தொடராகிவிட்டது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் சிக்கிய குடியரசுத் தலைவர் ரீகன் 1987ஆம் ஆண்டு சனவரியில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இத்தொடரைச் சொன்னார். செய்தவர் யார் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. மார்ச் மாதத்தில் அவர் மீண்டும் மக்கள் முன் தோன்றி, முழுப் பொறுப்பும் தமதே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆனால் குற்றம் வினை வடிவத்தினுடையதா? குடியரசுத் தலைவர் கிராண்ட் 1876ஆம் ஆண்டில், பதவியின் இறுதிக் காலத்தில் அனுப்பிய அறிக்கையிலும் தவறுகள் நிகழ்த்தப்பட்டதாக இதே வினை வடிவில் எழுதினார். அதோடு அதைத் தாம் ஒப்புக்கொள்வதாகவும் சேர்த்து எழுதினார். அதே தொடர் அங்கே ஒப்புதலாக நின்றது.

மேலும், செய்தவரை மறைக்கச் செயப்பாட்டுவினைதான் வேண்டும் என்பதில்லை. "தவறு நடந்துவிட்டது" என்பது செய்வினையே, செய்தவர் இல்லை. "டம்ளர் உடைந்துவிட்டது" என்று குழந்தை சொல்வதும் செய்வினையே. எந்தக் குழந்தையும் "டம்ளர் என்னால் உடைக்கப்பட்டது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதில்லை! இதை உணராமல், வழவழவென்று இருக்கும் எந்த வாக்கியத்தையும் "பாசிவ்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்டிரங்கின் நூலை ஈ.பி. ஒயிட் விரிவாக்கி 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது இலட்சக்கணக்கில் விற்றது. அதில் இப்பகுதியில் திருத்திக் காட்டிய நான்கு வாக்கியங்களில் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியல் பேராசிரியர் ஜெஃப்ரி புல்லம் 2009ஆம் ஆண்டில் சுட்டிக் காட்டினார்.

இரண்டு கேள்விகள்

அப்படியானால் எதை எப்போது எழுதுவது? மாற்றுக என்று ஆணையிடும் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: நான் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்? பென்சிலினைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அது 1928ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் எலிகளிடம் சோதிக்கப்பட்டது. பின்னர் பேரளவில் தயாரிக்கப்பட்டது. இங்கே பேச்சுப்பொருள் பென்சிலின். ஆங்கிலத்தில் அதை எழுவாயாக வைத்திருக்கச் செயப்பாட்டுவினையே தக்க கருவி. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஃபிளெமிங், ஃபுளோரி என்று எழுவாயை மாற்றினால் படிப்பவர் தடுமாறுவார். ஆனால் ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாற்றில் அவர்தான் எழுவாயாக இருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: செய்தவர் யார் என்பது படிப்பவருக்கு வேண்டுமா? "கரைசல் 10 நிமிடம் சூடாக்கப்பட்டது" என்பதில் சூடாக்கியவர் யாராயினும் ஒன்றே. "நோயாளிக்குத் தவறான அளவு மருந்து கொடுக்கப்பட்டது" என்பதில் அப்படி விட்டுவிட முடியாது. கொடுத்தது யார், எழுதிக் கொடுத்தது யார் என்று தெரியாமல் அடுத்த தவறைத் தடுப்பது எப்படி? அதே போல் "மூன்று அளவீடுகள் நீக்கப்பட்டன" என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் கண்டால் சற்றே நின்று படியுங்கள். அளவீடுகள் தாமாக எழுந்து போவதில்லை. ஒருவர் முடிவெடுத்து நீக்கினார். ஏன் நீக்கினார் என்று அறியும் உரிமை நமக்கு உண்டு.

தமிழில் அறிவியல் எழுதுவோருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலம் வேற்றுமை ஈறுகளை இழந்தது, பொதுச்சொல்லை இழந்தது, அந்த இடத்தைச் செயப்பாட்டுவினை கொண்டு நிரப்பியது. நாம் எதையும் இழக்கவில்லை. நம்மிடம் 'ஐ' உருபு இருக்கிறது. "கட்டுகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லும் வசதி இருக்கிறது. "அமிலத்தைச் சேர்க்கவும்" என்ற வியங்கோள் இருக்கிறது. "அமிலம் சேர்த்ததும் குமிழிகள் வந்தன" என்று எழுவாயைச் சொல்லாமலே முடிக்கலாம். 'படு' என்ற துணைவினையும் நம்முடையதே. வேண்டிய இடத்தில் அதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஆங்கில ஏடு 'வாஸ் டேக்கன்' என்று எழுதியது என்பதற்காக நாமும் ஒவ்வொரு வரியிலும் "எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஊன்றுகோல் தேவையானவர் ஊன்றட்டும். நன்றாக நடக்கிறவர் அதைப் பார்த்து நொண்ட வேண்டுமா?

உங்கள் வீட்டுப் பிள்ளையின் ரெகார்டு நோட்டை அடுத்த முறை காணும்போது, "குமிழிகள் காணப்பட்டன" என்ற வரியில் விரலை வைத்துக் கேளுங்கள்: "யார் பார்த்தது?" "நான்தான் பார்த்தேன்" என்று அந்தப் பிள்ளை சொல்லும். நியூட்டனும் இருட்டறையில் நிறங்களைக் கண்டபோது அப்படித்தான் எழுதினார். நோட்டில் எந்த வினையை எழுதினாலும், பார்த்தது தான்தான் என்ற நினைவு அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும்.